கணக்குக் காட்டாதவரும் அவருடைய பெரியம்மா மகனும்

அக்கா பேரன் சுவிட்சர்லாந்தில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தபோது அவன் குடியிருக்கும் கிராமத்தைப் பற்றிச் சொன்னான். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊராம். ஆனாலும் ஊர் வரி எவ்வளவு என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். வருஷத்தில் ஓரிரு முறை ஓட்டுரிமை உள்ளவர்கள் எல்லாம் ஒரு ஹாலில் கூடி, கையைத் தூக்கி வரவு செலவை ஒப்புக்கொள்கிறார்கள். கணக்கு முன்கூட்டியே அச்சாகி வீட்டுக்கு வந்துவிடுமாம். இவன் அந்நாட்டுக் குடிமகன் இல்லையே, அதனால் ஓரமாகப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தானாம்.

"நம்ம பக்கம் இதெல்லாம் ஏது தாத்தா?" என்றான்.

மறுநாள் காலை அவனைக் கிளப்பிக்கொண்டு பெரணமல்லூரிலிருந்து வந்தவாசி போய், பஸ் மாறி உத்திரமேரூரில் இறங்கினேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வைகுந்தப் பெருமாள் கோயில். மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919இல் ஒன்று, 921இல் இன்னொன்று. முதல் முறை எழுதிய விதி சரிப்படவில்லை போலிருக்கிறது, இரண்டே வருஷத்தில் திருத்திவிட்டார்கள். 30 முதல் 60 வயது என்று இருந்தது 35 முதல் 70 ஆயிற்று.

குடவோலை நம் பள்ளிப் புத்தகத்தில் படித்ததுதான். ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. இன்றைய வார்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். பெரியவர் ஒருவர் குடத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்ட, விவரம் தெரியாத ஒரு சிறு பையன் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதே! ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே நம் ஆட்கள் எப்படியெல்லாம் தில்லுமுல்லு செய்வார்கள் என்று தெரிந்து எழுதியவன் எவனோ, அவனுக்கு என் நமஸ்காரம். அப்படித் தேர்ந்தவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்.

எல்லோரும் குடத்தைத்தான் புகழ்கிறார்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கணக்கு எழுதியே ஓய்வு பெற்ற எனக்குக் கண்ணில் பட்டது வேறு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை மறுபடி குடத்தில் போடக் கூடாது. அதோடு விடவில்லை. அவன் தகப்பன், மகன், அண்ணன் தம்பி, மாமனார், மருமகன், அத்தை மாமன் பிள்ளைகள், பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள் வரைக்கும் யார் பெயரும் கூடாது! கணக்கு எழுதுபவனும் தன் கணக்கைத் தானே கொண்டுவந்து ஒப்புவித்துச் சுத்தம் என்று பெயர் வாங்கினால்தான் மறுபடி வேலை. வேறொருவனை வைத்து முடித்துவிட முடியாது.

அதற்காக எல்லாம் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். அது பிராமணர் ஊர். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்குத்தான் குடம். வயலில் இறங்கியவனுக்கு இடமில்லை. சுவிட்சர்லாந்தும் லேசுப்பட்டதல்ல. நாட்டுத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு வந்தது 1971இல். அப்பன்செல் இன்னர்ரோடன் என்ற மலைப் பகுதியில் மாநிலக் காரியங்களில் பெண்கள் கை தூக்க 1990இல் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே 1994 ஊராட்சிச் சட்டப்படி கிராம சபையில் ஆண், பெண், எந்த ஜாதியானாலும் உட்கார்ந்து கணக்குக் கேட்கலாம். ஆனால் அது கிராம ஊராட்சிகளுக்குத்தான். பெரணமல்லூர் பேரூராட்சி ஆகிவிட்டதால் எங்களுக்குக் கிராம சபை கிடையாது. ஊர் பெரிதானதற்குக் கிடைத்த பரிசு!

அந்த உறவுப் பட்டியலை நான் பேரனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தவன், பாதியில் நிறுத்திவிட்டேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு பொது வசூலுக்கு என் சின்னம்மா மகன் பொருளாளராக இருந்தான். முன்பெல்லாம் பாரதக் கூத்து முடிந்தால் பெட்ரோமாக்ஸ் வாடகை வரைக்கும் மரத்தடியில் வாசிப்பார்கள். அந்த வருஷம் வாசிக்கவில்லை. நான் எழுந்து கேட்டேன். "கூடப் பொறந்தவன் மாதிரி இருந்துக்கிட்டு நீயே கேக்கலாமா அண்ணா?" என்றான் எல்லோர் முன்னிலையிலும். சொந்தக்காரன் கேட்டது தப்பு என்றுதான் ஊரும் சொன்னது. அம்மாகூட ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

உத்திரமேரூர்க் கணக்குப்படி பார்த்தால், அவன் காட்டாவிட்டால் பெரியம்மா மகனான என் பெயரும் குடத்தில் விழாது. அப்படியானால் முதலில் கேட்க வேண்டியவனே சொந்தக்காரன்தானே?

அவன் பணத்தைத் தொட்டான் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. கடைத்தெருவில் தினம் பார்க்கிறோம், பேச்சு இல்லை. பேரன் ஊருக்குக் கிளம்பிவிட்டான். அடுத்த முறை உத்திரமேரூர் பஸ்ஸில் இரண்டு டிக்கெட்டாக எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.