இசை கேட்போரும் திறந்த மூலப் பணிசெயல் முறைமையும்

கண்டிப் பெரஹராவில் முழங்கும் மேளத்தின் விரைந்த அடிகளையும் தம்புராவின் ஓயா ரீங்காரத்தையும் சிதைவின்றிக் கேட்க விழையும் பேராதனை மாணவரொருவர், தமது பழைய கணினியில் எந்தத் திறந்த மூலப் பணிசெயல் முறைமையை நிறுவுதல் தகும்? பெயர்களின் கவர்ச்சியில் மயங்காது வரலாற்றை நோக்கின் விடை புலப்படும்.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருனியை வெளியிட்டார். தொடக்கத்தில் அதன் ஒலிப்பணியை ஆற்றியது ஓ.எஸ்.எஸ். என்னும் மென்பொருளாகும். அதன் வளர்ச்சி வணிக உரிமத்தின்பாற் சென்றபோது, கருனியிலிருந்த இலவச வடிவம் பின்தங்கிற்று. 1998இல் யாரோஸ்லாவ் கிசெலா தொடங்கிய அல்சா அக்குறையை நிரப்பியது. 2003இல் வெளிவந்த 2.6ஆம் கருனியில் நிலைபெற்றது. மூலநிரல் திறந்திருத்தல் வெறுங் கொள்கையன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

2004இல் தோன்றிய பல்ஸ் ஆடியோவும், 2021இல் ஃபெடோரா 34 ஏற்றுக்கொண்ட பைப்வயரும் பல செயலிகளின் ஒலியைக் கலந்து தரும் இடைநிலை மென்பொருள்கள். ஈண்டுக் கவனம் வேண்டும். இறுவட்டில் செக்கனுக்கு 44,100 மாதிரிகள் உள. பைப்வயரோ இயல்பமைப்பில் அவற்றை 48,000 ஆக மாற்றும். (அம்மாற்றம் பெரும்பாலான செவிகளுக்குப் புலப்படாது என்பதை மறைத்தல் நேர்மையன்று.) மாற்றத்தை விரும்பாதார் இடைநிலையை விடுத்து, அல்சாவின் வழியே ஒலியட்டைக்கு நேரே அனுப்பலாம். எந்த லினக்ஸ் வழங்கலிலும் இது இயலும்.

உபுண்டு ஸ்டுடியோ போன்றவை இசை ஆக்குவோர்க்கு உரியன. அவை நாடும் மிகக் குறைந்த தாமதம் பாடிப் பதிவுசெய்வோர்க்குத் தேவை, கேட்போர்க்கன்று. பழைய கணினிக்கு எளிய முகப்புடன் கூடிய டெபியனே போதும். புதுக் கணினிக்கெனச் சேர்த்த பணம் நல்ல ஹெட்போனுக்கு உதவும். ஒலியின் வேறுபாடு அங்கேதான் பெரிது.