நிற்குமிடம் அறிந்த கத்தி: கிள்ளான் பள்ளத்தாக்கின் இரு வெட்டுக்கருவிகள்

கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறு ஈயம், ரயில், ரப்பர், செம்பனை என்னும் பொருள்களின் வரிசையாகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்திருக்கிறது. அப்பொருள்களைக் காட்டிலிருந்தும் மரத்திலிருந்தும் பிரித்தெடுத்த கருவிகளுக்கு அவ்வரலாற்றில் கிடைத்த இடம் மிகச் சிறியது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வழியாகக் கடல்வரை நீளும் இந்நிலப்பகுதியை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்ததில் இரண்டு கத்திகளுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒன்று, மலாய்க்காரர்களும் பழங்குடிகளும் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தி, பின்னர் தமிழர், சீனர் கைகளுக்கும் வந்துசேர்ந்த பாராங் கத்தி. மற்றொன்று, தோட்டத் தமிழர் விடியலுக்கு முன்பே கையில் எடுத்த பால்வெட்டுக் கத்தி. காட்டில் பயன்படும் நல்ல கத்தி எது என்னும் கேள்விக்கு இவ்விரண்டும் வெவ்வேறு விடைகளைத் தருவதுபோலத் தோன்றினாலும், அடிப்படையில் ஒரே இலக்கணத்தையே காட்டுகின்றன: வெட்டவேண்டிய பொருளையும் வெட்டு நிற்கவேண்டிய இடத்தையும் கணக்கில் கொண்டு உருவானதே நல்ல கத்தி.

பாராங் என்பது கையளவு பிடியும், ஏறத்தாழ 25 முதல் 40 சென்டிமீட்டர் வரை நீளும் அலகும் கொண்ட கனத்த வெட்டுக்கத்தி. நிலநடுக்கோட்டை ஒட்டிய மழைக்காட்டில் மனிதன் முதலில் எதிர்கொள்வது வானளாவிய பெருமரங்களை அன்று. அவற்றின் அடியில் பின்னிக்கிடக்கும் கொடிகள், பிரம்பு, மூங்கில், கைத்தடிப் பருமனுள்ள இளமரங்கள் ஆகியவற்றையே ஆகும். புல்லையும் மென்தண்டுகளையும் வீசி அறுக்க மெல்லிய தகடு போதுமானது. ஆனால் இங்குள்ள கட்டைத்தன்மை மிக்க தாவரங்களில் மெல்லிய அலகு சிக்கிக்கொள்ளும் அல்லது வளைந்துவிடும். ஆகையால் பாராங்கின் முதுகு, அதாவது கூர் இல்லாத மேல்விளிம்பு, தடிப்பாக அமைந்தது. எடை பிடியிலிருந்து விலகி அலகின் முன்பகுதிக்குச் சென்றது. வாய் எனப்படும் கூர்விளிம்பு தட்டையாகச் சரியாமல் இருபுறமும் சற்றே புடைத்து இறங்கியது. முன்னே நிற்கும் எடை, கை அதிகம் வருந்தாமல் வீச்சுக்கு விசை சேர்த்தது. புடைத்த வாய், வெட்டிய கட்டையை இருபுறமும் விலக்கி, அலகு மரத்தில் இறுகிக்கொள்ளாமல் காத்தது.

உருக்கின் பதமும் இதே நோக்கில்தான் அமைந்தது. செந்நிறமாகக் காய்ந்த இரும்பை நீரிலோ எண்ணெயிலோ திடீரெனக் குளிரவைத்துக் கடினமாக்கும் வேலையைக் கொல்லர்கள் தோய்ச்சல் என்பர். தோய்ச்சல் மிகுந்தால் கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் முடிச்சுள்ள கட்டையிலோ கல்லிலோ பட்டதும் வாய் உடையும். தோய்ச்சல் குறைந்தால் வாய் மடங்கும், ஆனால் சாதாரண அரத்தாலோ ஆற்றங்கல்லாலோ காட்டிலேயே தீட்டிக்கொள்ளலாம். பட்டறையிலிருந்து பலநாள் நடைத்தூரத்தில் இருக்கும் ஒருவனுக்கு உடையாத கத்தியே முதல் தேவை என்பதால், பாராங் செய்தவர்கள் கடினத்தைவிட உறுதியையே பெரிதாக மதித்தனர். பிற்காலத்தில் பழைய லாரிகளின் ஸ்பிரிங் பட்டைகள் பாராங் செய்வதற்கு விருப்பமான உலோகமாக ஆனதற்கும் இதுவே காரணம். வளைந்து நிமிர்வதற்கென்றே உருவான அந்த உருக்கு, அதிர்ச்சியைத் தாங்கும் இயல்பை முன்பே பெற்றிருந்தது.

1857-இல் கிள்ளானின் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் இறங்கி அம்பாங் காட்டுக்குள் ஈயம் தேடிச் சென்றதே கோலாலம்பூரின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. 1880-இல் சிலாங்கூரின் நிர்வாகத் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1881-இல் தீயும் வெள்ளமும் மரவீடுகளை அழித்தபின் செங்கற்கட்டடங்களை எழுப்பும் முயற்சி வலுத்து, அதற்கான சூளைகள் இருந்த பகுதி பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்றது. 1886-இல் கோலாலம்பூரையும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவையும் ரயில் பாதை இணைத்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஊழியர்களின், குறிப்பாக இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழருமான ஊழியர்களின், குடியிருப்பாக வளர்ந்தது. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் முன்னே காடு வெட்டப்பட்டது; கோடரி பெருமரங்களை வீழ்த்த, அதற்கு வழி திறந்ததும் அடிக்காட்டைக் களைந்ததும் பாராங்தான்.

பாராங்கின் பிடியே ஒருமுறை உலகத் தொழில் வரலாற்றைத் திருப்பியிருக்கிறது. காட்டில் வளரும் ஒருவகை மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்னும் பிசின், வெந்நீரில் இளகிக் குளிர்ந்தபின் மரக்கட்டைபோல் இறுகும் தன்மையுடையது. அதனால் செய்த பாராங் பிடி ஒன்றை 1840களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் கண்ட வில்லியம் மாண்ட்கோமரி என்னும் மருத்துவர், 1843-இல் அப்பிசினின் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். கடல்நீரில் கெடாமலும் மின்சாரத்தைக் கசியவிடாமலும் இருக்கும் அப்பொருள், கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாயிற்று. ஆனால் அந்தப் பாலை எடுப்பதற்கு மரத்தையே வெட்டிச் சாய்த்து, தண்டில் வளையம் வளையமாகக் கீறிப் பிசினைச் சுரண்டும் முறையே வழக்கில் இருந்தது. ஒரு மரம் ஒரே முறைதான் பயன் தந்தது. தந்திக் கம்பிகளின் தேவை பெருகப் பெருக மலாயாக் காடுகளில் அம்மரம் அரிதாயிற்று. வீழ்த்த மட்டுமே தெரிந்த வெட்டு, தன் தொழிலுக்கு வேண்டிய மரத்தையே தீர்த்துவிடும் என்பதற்கு இது கண்கண்ட சான்றாகும்.

இச்சூழலில்தான் அமேசான் காட்டின் ரப்பர் மரம் மலாயாவுக்கு வந்தது. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் முளைக்க, 1877-இல் 22 நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அமேசானில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தி, ஒவ்வொரு நாளும் புதிய இடத்தில் புதிய காயம் உண்டாக்கிப் பால் எடுத்தனர். அக்காயங்கள் ஆறியபின் பட்டை முண்டும் முடிச்சுமாகிப் பயனற்றுப்போனது. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி, 1890களில் செய்த சோதனைகளின் வழியே வேறொரு முறையை நிலைநாட்டினார். பட்டையில் ஒரு சாய்ந்த வெட்டுக் கோட்டைத் திறந்து, அடுத்த முறை அதன் கீழ்விளிம்பிலேயே மெல்லிய சீவல் ஒன்றை நீக்கினால், பால் மீண்டும் வடிவதோடு முதல் சில நாள்களில் அதன் அளவும் கூடுகிறது என்பதே அவருடைய கண்டுபிடிப்பின் சாரம். கோடரியின் வேலை அங்கே முடிந்து, சீவும் கத்தியின் வேலை தொடங்கியது.

பால்வெட்டுக் கத்தியின் வடிவத்தைப் புரிந்துகொள்ள மரப்பட்டையின் அமைப்பைத் தெரிந்துகொள்வது அவசியம். வெளிப்புறத்தில் உலர்ந்த தோலும், அதனுள்ளே கடினமான பட்டையும், அதற்கும் உள்ளே பால்நாளங்கள் நிறைந்த மென்பட்டையும் உள்ளன. மென்பட்டைக்கும் கட்டைக்கும் இடையில், மரத்தைப் பருக்கவைக்கும் உயிரடுக்காகிய வளர்படை ஒரு மெல்லிய படலமாக இருக்கிறது. பால்நாளங்கள் வளர்படையை நெருங்க நெருங்க மிகுகின்றன. எனவே ஆழமாக வெட்டினால்தான் பால் கிடைக்கும். ஆனால் வளர்படையைத் தொட்டுவிட்டால் புதுப்பட்டை சீராக வளராமல் முடிச்சு விழும். இந்த இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைப்பதே பால்வெட்டின் கலை. மேலும், பால்நாளங்கள் நேர்செங்குத்தாக ஏறாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுவதால், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் இறங்கும் வெட்டே அதிக நாளங்களைத் திறக்கிறது.

மலாயாவில் பரவலான ஜெபோங் என்னும் கத்தி இத்தேவைக்கென்றே பிறந்தது. அதன் முனை கூரிய மடிப்பாக வளைந்திருப்பதால், ஒரு வாய் பட்டையைச் சீவும்போது மறுவாய் பால் ஓடுவதற்கான வாய்க்காலை ஒழுங்காக்குகிறது. தன்னை நோக்கி இழுத்து வெட்டும் கத்தியாதலால், வெட்டுபவர் மரத்தைச் சுற்றிச் சிற்றடி வைத்து நகர்ந்தபடி ஆழத்தை மணிக்கட்டால் கட்டுப்படுத்துகிறார். பாராங் எடையை நம்பியது. இக்கத்தியோ எடையைத் துறந்து கூரை மட்டும் நம்பியது. கூர் மழுங்கினால் பால்நாளங்கள் அறுபடாமல் நசுங்கி அடைபடும். அதனால் நுண்ணிய தீட்டுக்கல்லில் அதை அடிக்கடி தீட்டுவது அன்றாடக் கடமையாயிற்று.

சிலாங்கூரில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890களின் நடுவில் காஜாங்கின் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பரைப் பயிரிட்டனர். மோட்டார் வாகனங்களின் டயர்த் தேவை ஏற, 1910-இல் விலை உச்சத்தைத் தொட்டது. கோலாலம்பூரைச் சுற்றியும் கிள்ளானிலிருந்து கடற்கரைவரையும் தோட்டங்கள் விரிந்தன. 1907-இல் தொடங்கிய குடியேற்ற நிதியின் உதவியோடும் கங்காணிகளின் ஆள்திரட்டலோடும் தமிழகக் கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்கள் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் குடியேறின. அரிவாளும் மண்வெட்டியும் பழகிய வேளாண் கைகள் ஒரு மில்லிமீட்டர்க் கணக்குக்குப் பழகின. ஆணும் பெண்ணுமாகக் கற்ற இத்திறனை, தோட்ட நிர்வாகங்கள் எளிய கூலிவேலை என்றே கணக்கில் எழுதின. இருள் பிரியுமுன் பெரட்டு எனப்படும் ஆள்கணக்கெடுப்புக்குக் கூடி, தமக்குரிய நிரைகளில் சில நூறு மரங்களை ஒவ்வொன்றாகச் சீவி, சிரட்டையிலும் பின்னாளில் மங்குகளிலும் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்தவர்கள், வெயில் ஏறினால் மரத்தினுள் அழுத்தம் குறைந்து பால் நின்றுவிடும் என்பதைப் பட்டறிவால் அறிந்திருந்தனர். 1925-இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சுங்கை பூலோ சோதனை நிலையத்தில் வெட்டுமுறைகளை அளந்து வகுத்தது. தொடக்ககாலத்தின் மீன்முள் வடிவப் பலவெட்டுகள் மறைந்து, மரத்தின் பாதிச் சுற்றளவில் ஒருநாள்விட்டு ஒருநாள் வெட்டும் முறை பரவியதால், மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் வரை பயன் தந்தது. கட்டாபெர்ச்சா மரத்துக்குக் கிட்டாத ஆயுள் ரப்பர் மரத்துக்குக் கிட்டியது, அந்த அளவான காயத்தால்தான்.

அத்தனை நுட்பம் கைவந்தவர்கள் அதற்குரிய மதிப்பைக் கேட்டபோது கிடைத்த பதில் கொடியது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள், ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழிகாட்டலில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்குக் கல்வி ஆகியவற்றோடு, தோட்டத் துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிப்பதும் அவர்களுடைய கோரிக்கையாக இருந்தது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டு, துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். மரத்தின் உயிரடுக்கைக் காயப்படுத்தாமல் நாள்தோறும் உழைத்தவர்களின் உயிரை அரசு அவ்வளவு எளிதாக எடுத்தது என்பதை இத்தொழிலின் வரலாறு எழுதும் எவரும் கடந்துபோகலாகாது.

1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில் இரண்டு கத்திகளும் நேருக்கு நேர் வந்தன. தோட்டப் பொருளாதாரத்தை முடக்க முனைந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் ரப்பர் மரங்களைப் பாராங்கால் கண்டபடி வெட்டிச் சிதைத்தனர். ஆண்டுக்கணக்கில் காக்கப்பட்ட பட்டை சில வீச்சுகளில் கெட்டது. மறுபுறம், காட்டுப்போருக்கு வந்த பிரிட்டிஷ் ராணுவம், மலாய்க் கத்திவகையான கோலோக்கின் பெயரையும் வடிவையும் தன் வெட்டுக்கத்திக்கு ஏற்றுக்கொண்டது. மழைக்காட்டுக்கான கத்தியை அக்காட்டில் வாழ்ந்தவர்களே முன்பே முழுமையாக்கிவிட்டனர் என்பதற்கு அது பேரரசு தந்த ஒப்புதலாகும்.

1917-இல் கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோகோனியே வணிகமுறையில் தொடங்கிய செம்பனை, 1960களுக்குப் பின் ரப்பரின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தது. குலை வெட்டுவதற்குக் குட்டை மரங்களில் நீண்ட பிடியுள்ள உளியும், உயர்ந்த மரங்களில் கழியின் நுனியில் கட்டிய அரிவாளும் வந்தன. மில்லிமீட்டர்க் கணக்குக்கு அங்கே வேலையில்லை. தோட்டங்களும் நகரமாயின. எஃபிங்காம் தோட்டம் பெட்டாலிங் ஜெயாவாகவும், சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலமாகவும், சீஃபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவாகவும் மாறின. பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சாரும் ரப்பர் தோட்டமாக இருந்ததே. பாராங்கோ, 1958-ஆம் ஆண்டின் அரிபொருள், வெடிபொருள், தாக்குதல் ஆயுதங்கள் சட்டப்படி தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கொண்டுசெல்லக்கூடாத பொருளாயிற்று.

இன்று சிலாங்கூரின் மலைக்காடுகளுக்குள் நடைப்பயணம் செல்வோர் கத்தி தேர்ந்தெடுக்கையில், இந்த ஒன்றரை நூற்றாண்டு அனுபவம் நேரடியாகப் பயன்படும். கொடியும் மூங்கிலும் வெட்டும் அலகுக்குத் தடித்த முதுகும் முன்னெடையும் உடையாத பதமும் வேண்டும். கூடாரமுளை செதுக்கவும் கயிறு அறுக்கவும் சிறிய, மெல்லிய, மிகக் கூரிய அலகு ஒன்று தனியே வேண்டும். வியர்வையிலும் மழையிலும் வழுக்காத பிடியும், ஈரம் தங்காத உறையும் இரண்டுக்கும் பொது. ஒரே கத்தி எல்லாவற்றையும் செய்யும் என்னும் விளம்பரத்தை இப்பள்ளத்தாக்கின் வரலாறு ஏற்கவில்லை. பால்வெட்டுக் கத்தியைக் கையாண்ட தலைமுறை முதுமையடைந்துவரும் இந்நாளில், அவர்களுடைய பிடியையும் தீட்டலையும் நடையையும் பதிவு செய்வது அருங்காட்சியகங்களும் தமிழ்க் கல்வி நிறுவனங்களும் ஏற்கவேண்டிய அவசரப் பணியாகும். கத்தி எளிதில் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து நின்ற கையின் அறிவு, கேட்டு எழுதிவைக்காவிட்டால் இனிக் கிடைக்காது.