உலக வங்கி கடன் கொடுத்தால் இன்ஜினியரிங் கல்லூரியில் என்ன மாறும்?

பெங்களூரு ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் எந்தக் கல்லூரி என்று கேட்டுப் பாருங்கள். 'அட்டானமஸ்' என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்வார். அந்தச் சொல் இவ்வளவு பரவியதில் உலக வங்கிக்கும் பங்கு உண்டு.

2003-ல் வந்தது டெக்விப், அதாவது தொழில்நுட்பக் கல்வித் தர மேம்பாட்டுத் திட்டம். வங்கியின் கடன் 25 கோடி டாலர். கர்நாடகம், தமிழ்நாடு உட்பட 13 மாநிலங்களில் 127 நிறுவனங்களுக்கு இது போனது. வகுத்துப் பாருங்கள், நிறுவனத்துக்கு 20 லட்சம் டாலர்கூட வராது.

இவ்வளவு சின்னத் தொகைக்கு எப்படி அவ்வளவு செல்வாக்கு? விஷயம் நுழைவு விதிகளில் இருக்கிறது. கல்லூரிகள் போட்டி போட்டுத்தான் உள்ளே வர முடியும். கல்லூரிக்குப் பாடத்திட்டம், நிதி, நிர்வாகத்தில் சுதந்திரம் தர மாநில அரசு ஒப்புக்கொள்ள வேண்டும். தனி ஆட்சிக் குழு வேண்டும். கட்டண வருமானம் கல்லூரியிடமே தங்க வேண்டும். என்.பி.ஏ. அங்கீகாரத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

இதெல்லாம் வாஷிங்டனில் உருவான யோசனை என்று நினைக்காதீர்கள். தன்னாட்சிக் கல்லூரிகளை 1986 தேசியக் கல்விக் கொள்கையே பேசியது. பசவனகுடி பி.எம்.எஸ். கல்லூரி டெக்விப்பில் இருந்தது, 2008-ல் தன்னாட்சியும் பெற்றது. கடனால்தான் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஃபைலில் தூங்கிக்கொண்டிருந்த யோசனையைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் காசும் கெடுவும் வைப்பதுதான் கடன் கொடுப்பவரின் வேலை முறை. எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில்தான் அரசியல். 1994-ல் உயர்கல்வி பற்றி வங்கி வெளியிட்ட அறிக்கை, மாணவர்கள் செலவில் பங்கேற்கட்டும், தனியார் வளரட்டும் என்றது.

கெடு முடிந்தால்? மூன்றாம் கட்டம் 2017-ல் பின்தங்கிய, மலை, வடகிழக்கு மாநிலங்களுக்குப் போனது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் படித்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்த ஆசிரியர்களாகச் சேர்ந்தார்கள். நன்றாக வேலை செய்பவர்களை மாநிலங்கள் தக்கவைக்கும் என்பது ஏற்பாடு. 2021 செப்டம்பரில் திட்டப் பணம் நின்றது. பல மாநிலங்கள் கையை விரித்துவிட்டன, ஆசிரியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

இப்போது அடுத்தது வந்திருக்கிறது: மெரிட். 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மொத்தம் 4,200 கோடி ரூபாய், அதில் பாதி உலக வங்கிக் கடன். 175 பொறியியல் நிறுவனங்கள், 100 பாலிடெக்னிக்குகள், ஐந்து ஆண்டுகள். ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக்குச் சராசரி 3 கோடி, இந்திராநகரில் ஒரு நல்ல ஃபிளாட் விலை. உங்கள் பழைய கல்லூரி பட்டியலில் இருந்தால் ஒன்று மட்டும் விசாரியுங்கள்: 2030-க்குப் பிறகு இந்தச் சம்பளங்களும் லேப் பராமரிப்பும் யார் பட்ஜெட்டில் வரும்?