விழுந்த விமானம் தரும் பாடம்

கல்லூரி மைதானத்தில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு மாணவர்கள் மாதிரி விமானம் பறக்கவிடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். நடுவில் ஒருவர் கைப்பிடியுடன் நின்று சுழல்வார். அவர் கையிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் நீண்டு செல்லும். அவற்றின் மறுமுனையில் சிறு விமானம் இரைச்சலோடு வட்டமிடும். திடீரென்று கம்பிகள் தளர்கின்றன. அடுத்த நொடி விமானம் மூக்கு குத்தித் தரையில் மோதுகிறது. பல மாலைப்பொழுதுகள் உழைத்துச் செய்த பால்சா மரச் சிறகு முறிந்து கிடக்கிறது.

அந்த மாணவர் இனி என்ன செய்ய வேண்டும்? உடனே பசையை எடுத்து ஒட்டத் தொடங்கலாமா? இக்கேள்விக்கு விமானத்தின் வரலாறே விடை தருகிறது.

இவ்வகை விமானத்தைக் 'கண்ட்ரோல் லைன்' விமானம் என்பார்கள். 1930-களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஓபா செயின்ட் கிளேர் என்பவர் இத்தகைய விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். அதே மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் வாக்கர் 1940-களில் இதை இளைஞரிடையே பெரிதும் பரப்பினார். இதன் அமைப்பு எளியது. கைப்பிடியைச் சாய்த்தால் ஒரு கம்பி இழுபடும். விமானத்தினுள் இருக்கும் முக்கோண நெம்புகோல் திரும்பும். அது, வாலில் உள்ள எலிவேட்டர் என்னும் தகட்டை மேலோ கீழோ அசைக்கும். விமானம் ஏறும் அல்லது இறங்கும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கம்பியால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. கம்பி விறைப்பாக இருக்கும் வரைதான் விமானம் நம் சொற்படி கேட்கும். ஒரு கிலோகிராம் நிறையுள்ள விமானம், 18 மீட்டர் நீளக் கம்பியில், நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் கிடைமட்டமாகச் சுற்றுவதாகக் கொள்வோம். நீங்கள் வகுப்பில் படித்த மையநோக்கு விசைச் சூத்திரப்படி கம்பியின் இழுவிசை ஏறத்தாழ 27 நியூட்டன். இது விமானத்தின் எடையைப் போல் சுமார் இரண்டே முக்கால் மடங்கு. அதே விமானம் அதே வேகத்தில் நம் தலைக்கு நேர் மேலே கடக்கும்போது, புவியீர்ப்பே ஒரு பங்கு விசையைத் தந்துவிடுவதால், இழுவிசை 17 நியூட்டனாகக் குறைகிறது. அந்த இடத்தில் வேகம் நொடிக்கு 13 மீட்டராகக் குறைந்தால் இழுவிசை ஏறக்குறைய சுழிதான். பிறகு கைப்பிடியை எவ்வளவு ஆட்டினாலும் பயனில்லை.

பறக்கும் பொறியைக் கயிற்றில் கட்டித் தரையிலிருந்து இயக்குவது, ஆட்கள் ஏறிய விமானத்திற்கும் முற்பட்ட முறை. 1900-ஆம் ஆண்டு ரைட் சகோதரர்கள் தம் முதல் பெரிய கிளைடரைக் கிட்டி ஹாக் கடற்கரை மணலில் அப்படித்தான் பெரும்பாலும் சோதித்தார்கள். பட்டம் போல அதைக் காற்றில் ஏற்றி, கயிறுகளால் தரையிலிருந்தே அதன் தகடுகளை அசைத்தார்கள். தராசைக் கொண்டு இழுவிசையையும் அளந்தார்கள். அவர்கள் சந்தித்த மூன்று விபத்துகளைப் பாருங்கள்.

முதலாவது, 1900 அக்டோபர் 10. தரையில் வைத்துக் கயிறுகளைச் சரிசெய்துகொண்டிருந்தபோது பலத்த காற்று ஒன்று கிளைடரைத் தூக்கி எறிந்து நொறுக்கியது. ஊர் திரும்பிவிடலாமா என்றுகூட இருவரும் எண்ணினார்கள். ஆனால் உடைந்த துண்டுகளைக் கூடாரத்திற்கு இழுத்துச் சென்று, மூன்று நாள் உழைத்துச் செப்பனிட்டார்கள். இங்கே குற்றம் கிளைடரின் அமைப்பில் இல்லை, காற்றில் இருந்தது.

இரண்டாவது, 1903 டிசம்பர் 14. எஞ்சின் பூட்டிய விமானத்தில் வில்பர் ஏறினார். தண்டவாளத்தை விட்டுக் கிளம்பியதும் மூக்கை அளவுக்கு மீறி உயர்த்திவிட்டார். வேகம் குறைந்து, மூன்றரை நொடியில் விமானம் மணலில் மோதியது. குற்றம் ஓட்டியவரின் கையில் இருந்தது. உடைந்த பாகங்களை மாற்றி, டிசம்பர் 17 அன்று மீண்டும் முயன்றார்கள். ஆர்வில் 12 நொடிகள் பறந்தார். உலகம் அறிந்த செய்தி அது!

மூன்றாவது, பலரும் அறியாதது. 1905 ஜூலை 14 அன்று ஆர்வில் ஓட்டிய விமானம் மேலும் கீழுமாக அலைந்து தரையில் மோதியது. அவர் உயிர் தப்பினார். இம்முறை குற்றம் அமைப்பிலேயே இருந்தது. ஆகவே பழையபடியே ஒட்டிவைக்காமல், முன்புற எலிவேட்டரைப் பெரிதாக்கி, அதை இன்னும் முன்னே தள்ளிப் பொருத்தினார்கள். அவ்வாண்டு அக்டோபர் 5 அன்று அதே விமானத்தில் வில்பர் 39 நிமிடங்களில் சுமார் 39 கிலோமீட்டர் பறந்தார்.

காற்று, கை, அமைப்பு என்று மூன்று விபத்துகளுக்கு மூன்று காரணங்கள். நம் மாணவரும் இந்த மூன்று கேள்விகளைத்தான் கேட்க வேண்டும். காற்று வரும் திசையில் விமானம் சென்றபோது, காற்று அதை உள்நோக்கித் தள்ளிக் கம்பியைத் தளர்த்தியதா? தலைகீழாகப் பறக்கையில் மேல் கீழாகவும், கீழ் மேலாகவும் மாறுவதை மறந்து கைப்பிடியைத் தவறாகச் சாய்த்தாரா? அல்லது புவியீர்ப்பு மையம் பின்னுக்குத் தள்ளியிருந்து, விமானம் நிலைகொள்ளாமல் தவித்ததா?

விடை உடைந்த துண்டுகளில் இருக்கக்கூடும். ஆகவே சிறு சிராய்களையும் விடாமல் பொறுக்கி, தரையில் வரிசையாகப் பொருத்திப் பாருங்கள். நெம்புகோல் இறுகியதா, கம்பி முடிச்சு அவிழ்ந்ததா என்று ஒட்டுவதற்கு முன்பே கவனியுங்கள். மண் புகுந்த எஞ்சினைச் சுழற்றிப் பார்க்காதீர்கள். மணல் துகள் சிலிண்டரின் உட்சுவரைக் கீறிவிடும். முதலில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

சோதனைக் கூடத்தில் தவறான விடை வந்தால் தாளைக் கிழித்தெறியும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கிழித்த தாளோடு தவறின் காரணமும் போய்விடுகிறது. காரணம் அறியாமல் ஒட்டப்பட்ட சிறகு, அதே காரணத்தால் மறுபடியும் முறியும். காரணத்தைக் கண்டபின் ஒட்டிய சிறகோ, முன்னைவிட நன்றாகப் பறக்கும். உங்கள் விமானம் விழுந்தால் வருந்துங்கள், தவறில்லை. ஆனால் பசைக் குப்பியைத் திறக்கும் முன், ஏன் விழுந்தது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள்.