தாமஸ் பெயினின் கம்பெனி எதிர்ப்பும் வடகரைப் பாளையமும்: ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க விடுதலைச் சிந்தனையாளர் தாமஸ் பெயினின் வாழ்வும் எழுத்தும் பெரும்பாலும் அட்லாண்டிக் கடலின் இரு கரைகளை வைத்தே ஆராயப்பட்டுள்ளன. கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்திய ஆட்சியைப் பற்றி அவர் எழுதியவை உரிய கவனத்தைப் பெறவில்லை. அவ்வெழுத்துகளை, அதே கம்பெனியின் படையை எதிர்கொண்ட வடகரைப் பாளையத்தின் வரலாற்றோடு வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. இரண்டையும் இணைக்கும் கூறுகளோடு, ஒப்புமை பொருந்தாத இடங்களும் சுட்டப்படுகின்றன.

முன்னுரை

திருநெல்வேலிச் சீமையின் பாளையக்காரர் எதிர்ப்பை அமெரிக்க விடுதலைப் போருடன் ஒப்பிடும் போக்கு மேடைகளிலும் நூல்களிலும் காணப்படுகிறது. இவ்வொப்பீடு பெரும்பாலும் உணர்வு நிலையிலேயே நின்றுவிடுகிறது. இரு நிகழ்வுகளுக்கும் பொதுவான எதிரி யார், எதிர்ப்பின் அடிப்படை யாது என்னும் வினாக்களை எழுப்பினால்தான் ஒப்பீடு ஆய்வாக மாறும். அதற்குப் பெயினின் எழுத்துகள் பொருத்தமான நுழைவாயிலாக அமைகின்றன.

பெயினின் வாழ்வும் எழுத்தும்

பெயின் 1737இல் இங்கிலாந்தின் தெட்ஃபோர்டில் பிறந்தார். மகளிர் இடைக்கச்சு தைப்பது தந்தையின் தொழில். பெயினும் அதையே முதலில் கற்றார். பின்னர்க் கலால் துறையில் பணியாற்றி 1774இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். இலண்டனில் பெஞ்சமின் பிராங்கிளினைச் சந்தித்து, அவர் தந்த அறிமுகக் கடிதங்களுடன் அவ்வாண்டு நவம்பர் 30 அன்று பிலடெல்பியா சென்றடைந்தார். 1776 சனவரியில் வெளிவந்த 'பொது அறிவு' என்னும் சிறுநூல், பரம்பரை முடியாட்சியை மறுத்து, முழு விடுதலையே தீர்வு என வாதிட்டது. அறிஞர்க்கென்றன்றி, உழவரும் கைவினைஞரும் படித்துணரும் எளிய மொழியில் அது எழுதப்பட்டிருந்தது.

பின்னர் 'மனித உரிமைகள்' (1791, 1792), 'பகுத்தறிவு யுகம்' (1794, 1795), 'நில நீதி' (1797) ஆகிய நூல்கள் வெளிவந்தன. 'மனித உரிமைகள்' நூலுக்காக இங்கிலாந்து நீதிமன்றம் அவர் இல்லாத நிலையிலேயே அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. பிரெஞ்சுத் தேசிய மாநாட்டின் உறுப்பினராக இருந்த அவர், பதினாறாம் லூயிக்கு மரண தண்டனை விதிப்பதை எதிர்த்தார். பின்பு பாரிசில் சிறைப்பட்டார். சமய நூல்களை விமர்சித்ததால் அமெரிக்காவிலும் வெறுப்புக்கு ஆளாகி, 1809இல் நியூயார்க்கில் காலமானார். அவரது இறுதிச் சடங்கில் மிகச் சிலரே கலந்துகொண்டனர்.

கம்பெனி ஆட்சி பற்றிய பார்வை

பெயின் அமெரிக்காவில் கரையிறங்குவதற்கு எட்டு நாள்களுக்கு முன்னர், 1774 நவம்பர் 22 அன்று, இராபர்ட் கிளைவ் இலண்டனில் இறந்தார். 1775 மார்ச்சில், பெயின் ஆசிரியப் பொறுப்பு வகித்த 'பென்சில்வேனியா மேகசின்' இதழில் கிளைவின் வாழ்வையும் சாவையும் பற்றிய கட்டுரை ஒன்று 'அட்லாண்டிகஸ்' என்னும் புனைபெயரில் வெளிவந்தது. இந்தியாவில் சூறையாடிச் சேர்த்த செல்வம் கிளைவுக்கு அமைதி தரவில்லை என்பது அதன் மையக் கருத்து. அக்கட்டுரை பெயினின் தொகுப்புகளில் நெடுங்காலமாகச் சேர்க்கப்பட்டு வருகிறது. எனினும் புனைபெயர் எழுத்தை மட்டும் சான்றாகக் கொள்வது போதாது.

அதனினும் வலுவான சான்று 'நெருக்கடி' வரிசையின் இரண்டாம் மடல் (1777 சனவரி). இந்தியாவில் சிந்திய இரத்தத்துக்கும் ஆப்பிரிக்காவின் துயரத்துக்கும் பிரிட்டன் இன்னும் ஈடு செய்யவில்லை என்னும் கருத்தை அதில் பெயின் முன்வைக்கிறார். 1777 அக்டோபரில் படைத்தலைவர் பர்கோயின் சரணடைந்த பின் எழுதிய பிறிதோர் எழுத்தில், இந்தியாவில் மனிதரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்ட கொடுமையைக் குறிப்பிட்டு, அதற்குப் பர்கோயினையே சாட்சியாக அழைக்கிறார். கம்பெனியின் செயல்களை ஆராய 1772இல் அமைந்த நாடாளுமன்றக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பர்கோயின் என்பதே இதற்குக் காரணம். ஆகவே, இந்தியா பெயினுக்கு வெறும் உவமையன்று. கட்டுப்பாடற்ற அதிகாரம் எங்குச் சென்று முடியும் என்பதை அமெரிக்க வாசகருக்கு உணர்த்தும் சான்றாகவே அவர் அதைக் கையாண்டார்.

வடகரையின் அனுபவம்

பெயின் தொலைவிலிருந்து கண்டதை வடகரை நேரில் கண்டது. தென்காசிக்கு வடமேற்கே மலையடிவாரத்தில் உள்ள இவ்வூர், சொக்கம்பட்டி மரபினர் ஆண்ட பாளையத்தின் தலைமையிடமாக விளங்கியது. போர்ச் செலவுக்காகக் கம்பெனியிடம் கடன்பட்ட நவாப் முகமது அலி, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வருவாயை அக்கடனுக்கு ஈடாக்கினார். நவாபின் கடன் இவ்வாறு பாளையங்களின் தலையில் ஏறியது. 1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் படை தெற்கே வந்தது. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் மேற்குப் பாளையங்களை ஒன்றிணைத்தபோது வடகரையும் அவ்வணியில் நின்றது.

1759இல் கம்பெனியின் படைத்தலைவர் யூசுப் கானும் திருவிதாங்கூர்ப் படையும் இணைந்து வடகரையைத் தாக்கின. வடகரைப் பாளையக்காரர் பூலித்தேவரிடம் அடைக்கலம் புகுந்ததை இராபர்ட் ஓர்மின் நூல் வழி அறிகிறோம். அவ்வாண்டின் இறுதியில் வாசுதேவநல்லூர்க் கோட்டையில் யூசுப் கான் பின்வாங்க நேர்ந்தது. 1761இல்தான் அக்கோட்டைகள் வீழ்ந்தன. பெயின் குறிப்பிட்ட பீரங்கித் தண்டனையும் இச்சீமைக்கு அந்நியமன்று. கட்டாலங்குளம் அழகுமுத்துக்கோன் அவ்வாறே கொல்லப்பட்டதாக மரபு கூறுகிறது.

ஒப்புமையின் எல்லைகள்

இசைவின்றி விதிக்கப்பட்ட வரியும், அதை வசூலிக்க வந்த படையும் இரு நிலங்களுக்கும் பொது. 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்டதும் இதே கம்பெனியின் தேயிலையே. ஆனால் எதிர்ப்பின் அடிப்படைகள் வேறானவை. பெயின் பரம்பரை உரிமையையே மறுத்தார். பாளையக்காரர் தம் பரம்பரை உரிமையைக் காக்கவே போரிட்டனர். அச்சகமும் பிரதிநிதிகள் அவையும் அமெரிக்கருக்கு வாய்த்தன. மேற்குப் பாளையங்களின் குரலோ பெரும்பாலும் எதிரியின் ஆவணங்கள் வழியாகவும் வாய்மொழி மரபாகவுமே எஞ்சியுள்ளது. சின்ன மருது 1801 சூனில் திருச்சிராப்பள்ளியில் வெளியிட்ட அறிக்கை இதற்கு அரிய விதிவிலக்கு. அதுவும் பல சாதியினரையும் ஒன்றுபட அழைத்ததேயன்றி, முடியாட்சியை மறுக்கவில்லை.

பெயினின் பார்வைக்கும் எல்லை உண்டு. அவர் எழுத்தில் இந்தியா துன்புறும் நிலமாகவே தோன்றுகிறது. எதிர்த்து நின்ற நிலமாகத் தோன்றவில்லை.

போருக்குப் பிந்திய நிலையிலும் ஒரு முரண் உண்டு. 1781இல் யார்க்டவுனில் அமெரிக்கரிடம் சரணடைந்த காரன்வாலிஸ், தலைமை ஆளுநராக இந்தியாவுக்கு வந்து 1793இல் வங்காளத்தில் நிலையான நிலவரித் திட்டத்தை நடைமுறைப்படுத்தினார். அது தெற்கே நீட்டிக்கப்பட்டபோது எஞ்சிய பாளையங்கள் சமீன்களாயின. நிலம் அனைவர்க்கும் பொது என்றும், நிலவுடைமையாளர் சமூகத்துக்குக் கடன்பட்டவர் என்றும் 'நில நீதி' வாதிட்டது. 21 வயது நிறைந்தோர்க்கு 15 பவுண்டும், 50 வயதைக் கடந்தோர்க்கு ஆண்டுதோறும் 10 பவுண்டும் வழங்க வேண்டும் என்பது அதன் திட்டம். ஏறத்தாழ அதே காலத்தில் தென்பாண்டிச் சீமையில் நிலம் சிலரது தனியுரிமையாக எழுதப்பட்டது.

கருத்துகளின் வருகை

பெயினின் நூல்கள் 1830ஐ ஒட்டிக் கல்கத்தா இந்துக் கல்லூரி மாணவரிடையே பரவின. 'மனித உரிமைகள்' மராட்டியத்தில் சோதிராவ் புலேயின் சிந்தனையை உருவாக்கியது. சென்னை இலௌகிகச் சங்கத்தார் 1882 முதல் 1888 வரை நடத்திய 'தத்துவ விவேசினி', பெயின் வழிவந்த ஆங்கில நாத்திக இயக்கத்தோடு உறவு கொண்டிருந்தது. பாளையக்காரர் எழுப்பாத பிறப்புரிமை மறுப்பு, இவ்வழியாகவே தமிழ்ப் பொதுவெளிக்கு வந்தது.

முடிவுரை

வடகரையின் எதிர்ப்பு அமெரிக்க விடுதலைப் போருக்கு முந்தியது. அதனிடமிருந்து அது எதையும் கடன் பெறவில்லை; அதன் முன்மாதிரியும் அன்று. இரண்டும் ஒரே வணிக ஆதிக்கத்தின் வெவ்வேறு முனைகளில் எழுந்தவை. பாளையக்காரரைக் குடியரசுவாதிகளாகச் சித்திரிப்பது அவர்களுக்குப் பெருமை சேர்ப்பதன்று. அவர்கள் உண்மையில் எதற்காகப் போரிட்டனர் என்பதை மறைப்பதே ஆகும். பெயினின் எழுத்துகளைத் தென்பாண்டிச் சீமையிலிருந்து படிக்கும்போது, அயலாதிக்கத்திலிருந்து விடுதலை, பிறப்புரிமையிலிருந்து விடுதலை என்னும் இரண்டும் தமிழக வரலாற்றில் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு மாந்தரால் எழுப்பப்பட்டவை என்பது தெளிவாகிறது.