தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீடு கோரலும் மேல்முறையீடும் (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீடு கோரல் என்பது, அத்திட்டத்தின் கீழ்க் காப்பீடு பெற்ற ஒருவர், வெள்ளத்தால் சேதமுற்ற தமது கட்டடத்துக்கும் உடைமைகளுக்கும் உரிய தொகையைக் கேட்டுப் பெறும் நடைமுறை ஆகும். கோரிக்கை முழுமையாகவோ பகுதியாகவோ மறுக்கப்பட்டால், நடுவண் அரசின் அவசரகால மேலாண்மை முகமையிடம் (ஃபெமா) மேல்முறையீடு செய்யலாம். நடுவண் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கும் தொடுக்கலாம். இந்நடைமுறையின் முதன்மையான இயல்பு அதன் கண்டிப்பு ஆகும். சேதம் உண்மையாகவே நிகழ்ந்திருந்தும், ஒரு படிவம் உரிய நாளுக்குள் கையொப்பத்துடன் சென்று சேராமையால் இழப்பீட்டை இழந்தவர்கள் உள்ளனர்.

பின்னணி

தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் வெள்ளச் சேதத்துக்குக் காப்பீடு வழங்கப் பொதுவாக முன்வரவில்லை. 1965 ஆம் ஆண்டு லூசியானாவைத் தாக்கிய பெட்சி சூறாவளிக்குப் பின்னர் இக்குறை பெரிதும் உணரப்பட்டு, 1968 இல் தேசிய வெள்ளக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1979 முதல் ஃபெமா இதனை நடத்தி வருகின்றது. சுமார் 47 இலட்சம் காப்பீட்டுப் பத்திரங்கள் இத்திட்டத்தின் கீழ் உள்ளன.

1983 முதல் தனியார் நிறுவனங்கள் தமது பெயரிலேயே இப்பத்திரங்களை விற்கவும் கோரிக்கைகளைக் கையாளவும் இடமளிக்கப்பட்டது. பத்திரத்தின் மேல் நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், வழங்கப்படும் தொகை நடுவண் அரசின் பணமே. பத்திரத்தின் வாசகமும் நடுவண் அரசின் ஒழுங்குவிதிகளில் ஒரு பகுதியாகும். எனவே முகவரோ நிறுவன அலுவலரோ அதில் ஒரு சொல்லையும் தளர்த்த இயலாது. தளர்த்துவதாயின், ஃபெமாவின் உரிய அதிகாரி எழுத்து மூலம் ஒப்புதல் தர வேண்டும்.

இக்கண்டிப்புக்கு அடிப்படையாக நீதிமன்றங்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு, வெள்ளத்தைப் பற்றியதே அன்று, கோதுமையைப் பற்றியது. ஐடகோ மாநில உழவர்கள் மறுவிதைப்புச் செய்த கோதுமைக்கும் காப்பீடு உண்டு என அலுவலர் கூறியதை நம்பினர். ஆனால் ஒழுங்குவிதி அதனை விலக்கியிருந்தது. 1947 இல் உச்ச நீதிமன்றம், அரசின் சார்பில் பேசுபவர் தமது அதிகார எல்லைக்குள் நிற்கின்றாரா என்பதை உடன்பாடு செய்பவரே அறிந்துகொள்ள வேண்டும் எனக் கூறி உழவர்களின் கோரிக்கையைத் தள்ளியது. "மதிப்பீட்டாளர் போதும் என்று சொன்னார்" என்ற விடை வெள்ளக் காப்பீட்டு வழக்குகளில் எடுபடாமைக்கு இதுவே காரணம்.

எவை அடங்கும்

வழக்கமாக வறண்டிருக்கும் நிலத்தில் இரண்டு ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட பரப்பு, அல்லது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சொத்துகள் நீரில் மூழ்குவதே பத்திரத்தின்படி வெள்ளம் ஆகும். கூரை வழி ஒழுகிய மழைநீரும் வீட்டுக் குழாய் வெடித்துப் பெருகிய நீரும் வெள்ளம் ஆகா. ஒரு குடும்பம் முதல் நான்கு குடும்பங்கள் வரை வாழும் வீட்டின் கட்டடத்துக்கு உயர்ந்தபட்சம் 2,50,000 டாலரும், உடைமைகளுக்கு 1,00,000 டாலரும் பெறலாம். இவை தனித்தனிக் காப்புகள்; தாமே ஏற்க வேண்டிய தொடக்கத் தொகையும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கழிக்கப்படும்.

உடைமைகளுக்குத் தேய்மானம் கழித்த மதிப்பே கிடைக்கும். வெளியில் தங்கும் செலவு, வேலி, நீச்சல் குளம், ஊர்தி, ரொக்கப் பணம் ஆகியன அடங்கா. பலரும் ஏமாறும் இடம் நிலவறை ஆகும். எல்லாப் பக்கங்களிலும் தரைமட்டத்துக்குக் கீழ் அமைந்த தளத்தில் வெந்நீர்க் கொதிகலன், சூடேற்றும் உலை போன்றவற்றுக்குக் காப்பு உண்டு. தளவாடங்களுக்கும் தரைவிரிப்புக்கும் இல்லை.

கோரிக்கையை அளித்தல்

சேதம் நிகழ்ந்தவுடன் காப்பீட்டாளருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். பின்னர் இழப்பு மதிப்பீட்டாளர் ஒருவர் அனுப்பப்படுவார். அவர் வரும்வரை வீட்டை அப்படியே விட்டுவைக்கத் தேவையில்லை. பூஞ்சை பரவாமல் ஈரப்பொருள்களை அகற்றுவது காப்பீடு பெற்றவரின் கடமையும் ஆகும். ஆனால் அகற்றுமுன் ஒளிப்படம் எடுத்தல், சுவரில் நீர் நின்ற உயரத்தைக் காட்டும் கோட்டைப் பதிவு செய்தல், மின்கருவிகளின் வரிசை எண்களைக் குறித்தல், தரைவிரிப்பு முதலியவற்றிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்தல் ஆகியன இன்றியமையாதவை. அவசரத் தேவைக்கு முன்பணம் கேட்கலாம். மதிப்பீட்டாளரின் வருகைக்கு முன்னரே 5,000 டாலர் வரையும், ஒளிப்படங்களும் பற்றுச்சீட்டுகளும் இருப்பின் 20,000 டாலர் வரையும் பெற ஃபெமாவின் விதிகள் இடமளிக்கின்றன.

மதிப்பீட்டாளருக்குக் கோரிக்கையை ஏற்கவோ மறுக்கவோ அதிகாரம் இல்லை என்று பத்திரமே கூறுகின்றது. அவர் தயாரிக்கும் அறிக்கை கோரிக்கையும் அன்று. கோரிக்கை என்பது இழப்புச் சான்று எனப்படும் படிவமே. கோரும் தொகை, சேதம் நிகழ்ந்த நாள், அடமானம் வைத்திருப்போர், வேறு காப்பீடுகள் முதலியவற்றைக் குறித்து, உண்மை என உறுதிமொழியுடன் கையொப்பமிட்டு, சேதம் நிகழ்ந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் இதனை அளித்தல் வேண்டும். மதிப்பீட்டாளர் படிவத்தை நிரப்பித் தருவது வழக்கம் என்றாலும், அது அவர் செய்யும் உதவி மட்டுமே. படிவம் வராவிட்டாலும் காலக்கெடு நில்லாது. அவர் எழுதிய தொகை குறைவு எனத் தோன்றினால், தமது கணக்கின்படியான தொகையை எழுதி, ஒப்பந்தக்காரரின் விரிவான மதிப்பீட்டை இணைத்து, தாமே சான்றை அனுப்பலாம். பின்னர் மேலும் சேதம் வெளிப்பட்டால் கூடுதல் தொகைக்குத் தனியே ஒரு சான்று தேவை.

பேரிடர்களின்போது ஃபெமா இக்கெடுவை நீட்டித்ததும் உண்டு. 2005 இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின்னர், மதிப்பீட்டாளரின் தொகையை ஏற்போருக்குச் சான்றே தேவையில்லை எனவும், ஏற்காதோர் ஓராண்டுக்குள் அளிக்கலாம் எனவும் அறிவிக்கப்பட்டது. 2012 இன் சேண்டிக்கும் 2017 இன் ஹார்விக்கும் கெடு நீண்டது. இது ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனியே வெளியாகும் சலுகை. சிறிய வெள்ளங்களில் 60 நாள் என்பது 60 நாளே.

காற்றா, நீரா

சூறாவளியில் இடிந்த வீட்டைக் காற்று இடித்ததா நீர் இடித்ததா என்பது பெரும் பூசலுக்குரிய கேள்வி. காற்றின் சேதத்துக்கு வழக்கமான வீட்டுக் காப்பீட்டின் வழியே தனியார் நிறுவனம் தனது பணத்தைத் தர வேண்டும். நீரின் சேதத்துக்கு அரசு தரும். ஒரே நிறுவனம் இரண்டையும் கையாளும்போது முரண் எழுகின்றது. கத்ரீனாவின்போது மிசிசிப்பியில் ஒரு வீட்டின் காற்றுச் சேதத்தை வெள்ளச் சேதமாகக் காட்டி அரசிடம் பொய்யான கோரிக்கை அளித்ததாக, ஸ்டேட் ஃபார்ம் நிறுவனத்துக்கு எதிராக 2013 இல் நடுவர் குழு முடிவு செய்தது. அவ்வழக்கு 2016 இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றும் முடிவு மாறவில்லை.

சேண்டி சூறாவளிக்குப் பின் எழுந்த பூசல் வேறு வகையானது. நியூ யார்க் மாநிலத்தின் லாங் பீச் நகரில் ஒரு வீட்டைப் பார்வையிட்ட பொறியாளர், வெள்ளத்தின் விசையால் கட்டமைப்பு சேதமுற்றது எனவும், பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது எனவும் எழுதினார். உரிமையாளருக்குக் கிடைத்த இறுதி அறிக்கையிலோ, நெடுங்காலமாக மண் அமிழ்ந்ததே காரணம் என்றிருந்தது. அவ்வீட்டுக்கு ஒருமுறையேனும் செல்லாத மற்றொரு பொறியாளர் முடிவை மாற்றியிருந்தார். 2014 நவம்பரில் நடுவண் நீதிபதி ஒருவர் இதனை வன்மையாகக் கண்டித்தார். அதன் தொடர்ச்சியாக 2015 இல் ஃபெமா, சேண்டி கோரிக்கைகளை மறுஆய்வு செய்ய முன்வந்து 1,40,000 க்கும் மேற்பட்டோருக்குக் கடிதம் அனுப்பியது. பொறியாளர் அறிக்கையின் முதல் வரைவைக் கேட்டுப் பெறுவது எவ்வளவு பயனுடையது என்பதற்கு இது தக்க சான்று.

மேல்முறையீடு

கத்ரீனாவுக்கு முந்தைய ஆண்டில், 2004 இல், நிறைவேறிய சீர்திருத்தச் சட்டமே மேல்முறையீட்டு முறையை ஏற்படுத்துமாறு பணித்தது. இதற்கு அடிப்படை ஆவணம் காப்பீட்டாளரின் மறுப்புக் கடிதம் ஆகும். காசோலை குறைவாக வந்து, கடிதம் ஏதும் வரவில்லை எனில், எதனை, ஏன் மறுத்தனர் என எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். அது இன்றி மேல்முறையீடு செய்ய இயலாது.

கடிதத்தின் நாளிலிருந்து 60 நாள்களுக்குள், அதன் படியுடன், மறுப்புக்கான ஒவ்வொரு காரணத்துக்கும் விடையளித்து ஃபெமாவுக்கு எழுதுதல் வேண்டும். வருத்தத்தை விரித்துரைக்கும் கடிதத்தைவிட, பத்திரத்தின் எந்தப் பிரிவின்படி எப்பொருளுக்குக் காப்பு உண்டு எனக் காட்டி, ஒளிப்படமும் மதிப்பீடும் இணைத்த ஒரு பக்கம் பயன்தரும். ஃபெமா காப்பீட்டாளரின் கோப்பை வரவழைக்கும். தேவைப்படின் மறுபடியும் வீட்டைப் பார்வையிடச் செய்யும். தேவையான ஆவணங்கள் அனைத்தும் கிடைத்த பின் 90 நாள்களுக்குள் முடிவு கூறும். வாங்கிய காப்புக்கு மேற்பட்ட தொகையை இவ்வழியில் பெற முடியாது. வழக்குத் தொடுத்த பின்னர் மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

வழக்கு

முதல் மறுப்புக் கடிதத்தின் நாளிலிருந்து ஓராண்டுக்குள், சொத்து அமைந்துள்ள பகுதியின் நடுவண் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தல் வேண்டும். மேல்முறையீடு நிலுவையில் உள்ளது என்பதால் இந்த ஓராண்டு நீளாது. ஃபெமாவின் விடைக்காகக் காத்திருந்து நாளைத் தவறவிடுவோர் இதனால் இரு வழிகளையும் இழக்கின்றனர். மாநில நீதிமன்றத்தை அணுகுவதால் கெடு காக்கப்படும் என நம்புவதும் ஆபத்தானது. காப்பீட்டாளரின் தீயநோக்குக்காக மாநிலச் சட்டங்கள் வழங்கும் தண்டத் தொகைக்கும் இங்கு இடமில்லை என நீதிமன்றங்கள் தீர்ப்பளித்துள்ளன. இழப்புச் சான்று இல்லையேல் வழக்கு நிலைக்காது. 1998 இல் ஐந்தாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் லூசியானா வீட்டுரிமையாளரின் வழக்கை இக்காரணத்துக்காகவே தள்ளியது.

திட்டத்தின் காலநீட்டிப்பு

திட்டத்துக்கான அனுமதியைப் பேராயம் குறுகிய காலங்களுக்கே நீட்டித்து வந்துள்ளது. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் நடுப்பகுதி வரை அனுமதி அற்றுப்போயிருந்தது. இவ்வாறான இடைவெளிகளில் புதிய பத்திரங்கள் வழங்கப்படுவதில்லை. ஏற்கனவே நடப்பிலுள்ள பத்திரங்களின் கோரிக்கைகள் நிதி இருக்கும் வரை கவனிக்கப்படும்.