வெப்ப அலையும் உடல்நலமும்: காலநிலை மாற்ற மதிப்பீட்டில் உங்கள் மருத்துவப் பதிவின் பங்கு

அக்னி நட்சத்திரக் காலத்தில் திருச்சிராப்பள்ளியின் பகல் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைக் கடப்பதுண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த ஸ்ரீரங்கத்தில், சித்திரைத் தேர்த் திருவிழாவுக்கு மக்கள் திரள்வதும் கோடையில்தான். முதியோர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், வெயிலில் உழைப்போர், இதயம் மற்றும் சிறுநீரக நோயாளிகள், நீரிழிவு நோயாளிகள் ஆகியோருக்கு இவ்வெப்பம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

காலநிலை மாற்றத்தை மதிப்பிடுவது யார்?

உலக அளவிலான அறிவியல் ஆய்வுகளை, 1988இல் தோற்றுவிக்கப்பட்ட காலநிலை மாற்றத்திற்கான அரசுகளுக்கிடையேயான குழு தொகுத்து மதிப்பிடுகிறது. நம் நாட்டில் தேசியக் காலநிலை மாற்றச் செயல்திட்டம் 2008இல் வெளியிடப்பட்டது. புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரையிலான காலத்தில் இந்தியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்துள்ளது.

உடல்நலம் சார்ந்த பணிகளைத் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம், காலநிலை மாற்றம் மற்றும் மனித நலத்திற்கான தேசியத் திட்டத்தின் வழியே ஒருங்கிணைக்கிறது. தமிழ்நாடு அரசு 2022இல் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது. மாவட்ட அளவில் இவ்வியக்கம் மாவட்ட ஆட்சியரின் தலைமையில் செயல்படுகிறது.

எச்சரிக்கை எவ்வாறு உங்களை வந்தடைகிறது?

சமவெளிப் பகுதியில் வெப்பநிலை குறைந்தது 40 டிகிரியை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் உயர்ந்தால், இந்திய வானிலை ஆய்வுத் துறை அதனை வெப்ப அலையாகக் கருதுகிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் முறையே எச்சரிக்கையின் தீவிரம் கூடுவதைக் குறிக்கும். இவ்வளவீடு நிழலில் உள்ள காற்றின் வெப்பமாகும். வெயிலில் காயும் கருங்கல் தளமும் தகரக் கூரையின் கீழுள்ள அறையும் இதனினும் மிகுந்த வெப்பத்தைத் தரக்கூடும். எனவே எச்சரிக்கை இல்லாத நாளிலும் நோயாளிகளுக்குக் கவனம் தேவை.

உங்கள் மருத்துவப் பதிவு ஏன் முக்கியம்?

வானிலை நிலையம் வெப்பத்தை அளக்கும். அவ்வெப்பம் எத்தனை பேரை நோயுறச் செய்தது என்பதை மருத்துவமனைப் பதிவேடே கூறும். கோடையில் வெப்பம் சார்ந்த நோய்களின் விவரங்கள் அரசு மருத்துவமனைகளிலிருந்து தேசியக் கண்காணிப்பு முறைக்கு அனுப்பப்படுகின்றன. ஆனால் வெப்பத்தின் பாதிப்பு பெரும்பாலும் மாரடைப்பாகவோ சிறுநீரகச் செயலிழப்பாகவோ வெளிப்படுவதால், உண்மைக் காரணம் பதிவாகாமல் போகலாம். அவ்வாறு விடுபட்டால், சிகிச்சையும் பொருத்தமாக அமையாது. அடுத்த கோடைக்கான திட்டமிடலும் குறைபடும்.

ஆகவே நோயாளியை அழைத்துச் செல்வோர் பின்வருவனவற்றை மருத்துவரிடம் தாமாகவே தெரிவிக்க வேண்டும்:

• எங்கு, எவ்வளவு நேரம் வெப்பத்தில் இருந்தார்
• மயக்கம், குழப்பம், வலிப்பு எப்போது தொடங்கியது
• கடைசியாக எப்போது நீர் அருந்தினார், சிறுநீர் கழித்தார்
• என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறார்

தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துள்ளது. வெப்ப அலையால் உயிரிழந்தோரின் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கவும் வழிவகை செய்யப்பட்டுள்ளது. இதற்கும் இறப்பின் காரணம் முறையாகப் பதிவாகியிருப்பது அவசியமாகும்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

சிறுநீர் பெருக்கி மாத்திரைகளும் மனநல மருந்துகள் சிலவும், உடல் வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைக்கக்கூடும். அவற்றைத் தாமாக நிறுத்துதல் கூடாது. கோடை தொடங்கும் முன்னரே மருத்துவரிடம் ஆலோசனை பெற வேண்டும். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளோர் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதையும் மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும். ஏனையோர் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர், மோர், ஓ.ஆர்.எஸ். கரைசல் ஆகியவற்றை அருந்தலாம். நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே செல்வதைத் தவிர்ப்பது நன்று.

உடனடி உதவி தேவைப்படும் நிலை

உடல் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் உயர்ந்து, பேச்சில் குழப்பம், வலிப்பு அல்லது நினைவிழப்பு ஏற்பட்டால் அது 'ஹீட் ஸ்ட்ரோக்' எனப்படும் வெப்பத்தாக்காக இருக்கலாம். வியர்வை இருப்பதால் ஆபத்தில்லை எனக் கருதலாகாது. உடனே 108 எண்ணை அழைக்கவும். ஊர்தி வரும்வரை நோயாளியை நிழலில் கிடத்தி, ஆடைகளைத் தளர்த்தி, உடலெங்கும் நீர் தெளித்து விசிறவும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைக்கலாம். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் கொடுத்தல் கூடாது. மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.